தக்கைக்குக் கீழே எவ்வளவு?

தூண்டில் பழக வருகிறவர்கள் முதலில் முள்ளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த நம்பர் முள், ஜப்பான் முள்ளா, சைனா முள்ளா. அடுத்து கோல். அதற்கும் அடுத்து, யாரோ செல்போனில் காட்டிய ரகசிய மாவு. தக்கையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தண்ணீர்மேல் மிதக்கப்போகிற ஒரு துண்டுதானே, எதுவாக இருந்தால் என்ன என்ற நினைப்பு. ஆம்பூரில் ஷூ கம்பெனியின் சோல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் உட்கார்ந்தவன் நான். வேலையை விட்ட பிறகு தூண்டில் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்தேன். தக்கை என் கையாலேயே செய்து விற்கிறேன். வாங்க வருகிற பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீ போடற எடத்துல ஆழம் எவ்ளோ?"

தெரியாது என்பார்கள். "அப்பறம் எந்த முள்ளா இருந்தா இன்னா?" என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவதும் உண்டு.

ஆழத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், நம் ஏரிகளில் மீன் அடுக்கடுக்காக வாழ்கிறது. கட்லா மேல்தண்ணீரில் மேயும். அதன் வாயே மேல்நோக்கித் திறந்திருக்கும். ரோகு நடுத்தண்ணீர். மிர்கால் அடிமண்ணைக் கிளறித் தின்னும், அதற்கேற்ற மாதிரி வாய் கீழ்நோக்கி இருக்கும். மூன்றையும் ஒரே ஏரியில் சேர்த்து விடுவதற்கே இதுதான் காரணம், ஒன்றின் தீனியில் இன்னொன்று அதிகம் கை வைக்காது. விரால் புல்லோரத்தில் கிடக்கும், காற்றுக்காக அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுப் போகும். கெளுத்தி அடியில், அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான் தைரியமாகச் சுற்றும். ஜிலேபிக்கு மட்டும் சட்டதிட்டம் கிடையாது. கரையோரம், நடு ஏரி, மதகடி என்று எங்கும் இருக்கும். எட்டடித் தண்ணீரில் இரண்டடியில் இரையைத் தொங்கவிட்டு மிர்காலுக்குக் காத்திருப்பவன் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் பாலாற்று மீன்களே அல்ல. கங்கைப் பக்கத்து ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் இயல்பாக முட்டையிடும், ஏரியில் தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்காது. அதனால் ஒரு காலத்தில் ஆற்றிலிருந்துதான் குஞ்சு அள்ளி வர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஊசி இல்லாவிட்டால் காவேரிப்பாக்கம் ஏரியில் நாம் கட்லாவுக்கு உட்கார்ந்திருக்க மாட்டோம். ஜிலேபி வேறு கதை. ஆப்பிரிக்காவில் பிறந்த இனம், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு ஊசியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆண் மீன் மண்ணில் குழி பறிக்கும், பெண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். தண்ணீர் வற்றுகிற கோடையில் ஏரியின் ஓரச் சேற்றில் தட்டுத் தட்டாகத் தெரிகிற பள்ளங்கள் பெரும்பாலும் அந்தக் குழிகள்தான். அவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறவன், ஏரி நிரம்பிய பிறகு அதே இடத்துக்கு மேலே தக்கையை நிறுத்துவான்.

நான் பழகியது ஒரு பாயிடம். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தையும் பார்த்தவர், குரோம் வந்து தோல் நீலமான காலத்தையும் பார்த்தவர். அவர் என்னிடம் முதலில் கேட்டதும் ஆழம்தான். நான் போட்ட தக்கை தண்ணீரில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. "இன்னா தம்பி, உன் தக்க படுத்துக்கினு இருக்குது. அது தூங்குது. நீயும் ஊட்டுக்குப் போயி தூங்கு" என்றார். பிறகு என் கோலை வாங்கி முள்ளில் ஒரு கனமான நட்டை மாட்டினார். இன்று வரை அதைத்தான் நானும் செய்கிறேன், வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

முறை எளிது. தக்கையை அமுக்கிவிடக்கூடிய கனமுள்ள எதையாவது முள்ளில் மாட்டிப் போட வேண்டும். தக்கை தண்ணீருக்குள் முழுகிப் போனால், தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே விட்ட நரம்பு போதவில்லை, அடி இன்னும் கீழே இருக்கிறது. தக்கை படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம், மிச்சம் அடியில் சுருண்டு கிடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, தக்கையின் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி நிமிர்ந்து நிற்கிற அளவு வந்தால் அதுதான் அந்த இடத்தின் ஆழம். கனத்தைக் கழற்றிவிட்டு, அந்த அளவிலிருந்து மிர்காலுக்கு ஒரு விரற்கடை கூட்டலாம், ரோகுவுக்குப் பாதியாகக் குறைக்கலாம், கட்லாவுக்கு இன்னும் மேலே ஏற்றலாம். இடப்பக்கம் ஓர் இடம், வலப்பக்கம் ஓர் இடம் என்று அளந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அடி மனசில் விரிய ஆரம்பிக்கும். இங்கே மேடு, இங்கே பழைய வாய்க்கால், இங்கே யாரோ வண்டல் அள்ளிய குழி. எங்கள் ஏரிகளில் செங்கல் சூளைக்கும் வயலுக்கும் மண் எடுத்த குழிகள் ஏராளம். வெயில் ஏறிய பிறகு பெரிய மீன் அந்தக் குழிகளில்தான் இறங்கி நிற்கும்.

பிள்ளைகளுக்கு இதில் பொறுமை இருப்பதில்லை. வந்த உடனே இரை போட வேண்டும். அளக்கிற நேரத்தில் மீன் போய்விடும் என்று பயம். மீன் எங்கேயும் போகாது. குத்தகைக்காரர் வலை போடுகிற வரை அங்கேதான் இருக்கும்.

தக்கைக்கு வருகிறேன், என் தொழில் அதுதான். மயில் இறகின் தண்டு போல நல்ல தக்கை இல்லை. லேசானது, உள்ளே காற்றறை இருக்கிறது, நுனி ஊசியாக இருப்பதால் சின்ன அசைவையும் காட்டிவிடும். உதிர்ந்த இறகைத்தான் எடுக்க வேண்டும். மயில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற பறவை என்பதை இறகு கேட்டு வருகிற பையன்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். நாயக்கனேரி மலையடிவாரத்தில் மழைக்காலத்தை ஒட்டி இறகு உதிரும், பொறுக்கி வருவேன். நெட்டியும் நல்லது, ஆனால் நாள்பட்டால் தண்ணீர் குடித்து ஊறிவிடும். மேலே வார்னிஷ் பூசினால் கொஞ்சம் தாங்கும்.

மற்றதெல்லாம் ஷூ கம்பெனி கற்றுக் கொடுத்தது. சோல் வெட்டும்போது விழுகிற ஈ.வி.ஏ. ஷீட் துண்டு தண்ணீரே குடிக்காது. பிளேடால் சீவி, உப்புத்தாளில் உருட்டி எடுத்தால் விரல் நீளத்தில் அருமையான தக்கை. வெல்ட் ஷூவில் இன்சோலுக்கும் அடி சோலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பக் கார்க் போடுவார்கள். உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தக்கை செய்த அதே மரப்பட்டை. எங்கள் பிரிவில் அது கழிவாகக் கீழே கிடக்கும். தையல் பிரிவின் மெழுகு நூல் நரம்பின்மேல் நழுவாமல் இறுகும், வேண்டும்போது நகர்த்தவும் முடியும். கோலைவிட ஆழமான இடத்தில் தக்கையை ஓடவிட்டு, வேண்டிய அளவில் நிறுத்த அந்த நூல்முடிச்சு போதும். ஓட்டைக்குள் ஓடுகிற தக்கை வீசும்போது கீழே வந்துவிடும், தண்ணீரில் விழுந்ததும் நரம்பு அதற்குள் ஓடி, முடிச்சு வந்து முட்டியதும் நிற்கும். மதகு ஓர ஆழத்துக்கு இதுதான் வழி.

ஈயத்தை நான் விற்பதில்லை. பங்சர் கடைகளில் கிடைக்கிற வீல் ஈயத்தை நசுக்கிக் கட்டுவதுதான் இங்கே வழக்கம், அதையும் பிள்ளைகள் பல்லால் கடித்து இறுக்குவார்கள். ஈயம் விஷம். இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் ஏரியடியில் கிடந்த தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987இல் சிறு ஈயக்குண்டுகள் விற்பதையே தடை செய்தார்கள். நான் ஷூ லேஸ் கோக்கிற பித்தளை ஐலெட்டுகளைக் கோத்துக் கொடுக்கிறேன். மூன்று போட்டால் ஒரு தக்கை நேராக நிற்கும், நான்கு போட்டால் மூக்கு மட்டும் தெரியும். இந்த மூக்கு மட்டும் தெரிவது முக்கியம். பாதித் தக்கை வெளியே நின்றால், இரையை வாயில் எடுத்த மீன் அந்த மிதப்பின் கனத்தை உணர்ந்து துப்பிவிடும்.

அது துப்பிய செய்தி மேலே வராது. தூண்டில்காரன் மீன் இல்லை என்று நினைத்துக்கொள்வான்.

தக்கையின் அசைவைப் படிப்பதை எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது, ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். ஜிலேபி வந்தால் தக்கை டக்டக்கென்று துடிக்கும். அந்தத் துடிப்புக்கு இழுத்தால் வெறும் முள்தான் வரும். துடிப்பு நின்று, தக்கை ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கும்போது மணிக்கட்டை மட்டும் சொடுக்க வேண்டும். கெளுத்திக்கு முன்னறிவிப்பே கிடையாது, சட்டென்று ஒரே முழுக்கு. பெரும்பாலும் நீங்கள் இழுப்பதற்குள் அது தானே மாட்டியிருக்கும். கழற்றும்போதுதான் ஜாக்கிரதை. முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. குத்தினால் அன்று இரவு தூக்கம் போகும். ரோகு தக்கையை ஆட்டாமல் மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டு போகும். நண்டு இருக்கிறதே, அது தக்கையை நிதானமாக நகர்த்தும், நிற்கும், மறுபடி நகர்த்தும். ஆமையும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அதன் இழுப்பில் ஒரு பாரம் இருக்கும்.

இதில் பழகாதவர்கள் தவறவிடுவது மிர்காலை. இரை அடியில் தரையைத் தொட்டுக் கிடக்கிறது, ஐலெட்டின் கனமும் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வையுங்கள். மிர்கால் தலையைக் கீழே குனிந்து இரையை எடுத்து நிமிரும். நிமிரும்போது கனத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். மேலே தக்கையை அழுத்திக்கொண்டிருந்த பாரம் போய்விட்டதால் அது கீழே போகாது, மேலே எழும்பும். சில சமயம் முழுசாகப் படுத்தேவிடும். தக்கை முழுகினால்தான் மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பையன் அப்போது செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான். "எழுந்துச்சுடா, இழு!" என்று நான் கத்தினால் "எங்கண்ணா முழுகுச்சு?" என்று கேட்பான். அதற்குள் மிர்கால் போயே போய்விட்டிருக்கும்.

நேரத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. விடியற்காலையே சிறந்தது என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. பாசி மண்டிய ஏரியில் இரவெல்லாம் பாசியும் மீனும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும், விடிகிற நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் அதற்கு இரை எதற்கு? மார்கழி, தை மாதங்களில் இங்கே பனி கொட்டும். வெயில் கரைத்தண்ணீரைத் தொட்டுச் சூடாக்கிய பிறகு போனால் போதும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது சாயங்காலம்தான்.

இதெல்லாம் நின்ற தண்ணீரின் பாடம். ஓடும் தண்ணீரில் தக்கை போடுவது வேறு வித்தை, அது எங்களுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, புல்லூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வழியெல்லாம் ஏரியும் தடுப்பணையும். 1892ஆம் ஆண்டு சென்னை-மைசூர் ஒப்பந்தம் தொடங்கி இந்தத் தண்ணீருக்கான வழக்கு ஓயவில்லை. எங்கள் தலைமுறைக்குப் பாலாறு என்றால் மணல். மணலும் போன பிறகு கருவேலம் புதர். 2021 நவம்பரில் வந்த வெள்ளம் அந்த நினைப்பைப் புரட்டிப் போட்டது. மோர்தானா அணை நிரம்பி வழிந்தது, கவுண்டின்யா ஆற்றில் வெள்ளம் வந்தது, பாலாறு கரை தொட்டு ஓடியது. ஊர் ஊராக ஏரி கோடி போனது. வெள்ளம் தணிந்த பிறகும் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தித் தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள் ஜனங்கள். நான் தக்கையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஏரியில் ஒழுங்காக நிற்கிற தக்கை ஆற்றில் ஓடுகிறது. இரை பின்னால் இழுபட்டு மேலே வந்துவிடுகிறது. காரணம் இதுதான்: ஆற்றின் மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் கல்லிலும் மண்ணிலும் உரசி மெதுவாகப் போகும். தக்கை மேல்தண்ணீரில் மிதப்பதால் அது முந்திக்கொள்கிறது, அடியில் மெதுவாக உருள வேண்டிய புழுவைத் தரதரவென்று இழுக்கிறது. அப்படி ஓடுகிற புழுவை எந்த மீனும் நம்பாது. கோலை உயர்த்தி, நரம்பை லேசாகப் பிடித்துத் தக்கையின் வேகத்தை மட்டுப்படுத்தினால் புழு முன்னால் போகும், தக்கை பின்னால் வரும். மீன் முதலில் பார்ப்பது இரையை, நரம்பை அல்ல. தடுப்பணைக்குக் கீழே சுழல் முடிந்து தண்ணீர் அமைதியாகிற ஓரத்தில் இதைப் பழகினேன். கெண்டை கிடைத்தது, ஜிலேபி கிடைத்தது. ஏதோ மேலேயுள்ள ஏரி உடைந்ததிலோ கோடி போனதிலோ தப்பி வந்த ரோகுவும் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகன் டொராண்டோவிலிருந்து கூப்பிட்டான். ஸ்கார்பரோவில் இருக்கிறான். அங்கே சால்மன் பிடிக்கப் பழகுகிறானாம். "மாமா, தக்கதான் போடறாங்க இங்கயும். எனக்கு ஒன்னும் மாட்ட மாட்டுது" என்று வீடியோ அனுப்பினான். போர்ட் ஹோப் என்ற ஊரில் கனராஸ்கா என்கிற ஆறு. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஆட்கள். இவனுடைய தக்கை ஆற்றில் பறக்கிறது. "டேய், தக்க முன்னாடி ஓடுது பாரு, புடிச்சு விடு" என்றேன். "எப்டி மாமா ஒங்களுக்குத் தெரியும்? ஆம்பூர்ல ஆறே இல்லயே" என்றான். இந்த வருஷம் இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து நான் நிறையத் தெரிந்துகொண்டேன். பதின்மூன்று, பதினான்கு அடிக் கோல். பிரேக் இல்லாமல் சக்கரம் மாதிரி தானே சுழல்கிற ரீல். தண்ணீர் இழுக்கிற வேகத்தில் நரம்பு ஓட வேண்டும், கட்டை விரலை ஓரத்தில் வைத்து அதை மட்டுப்படுத்த வேண்டும். நான் கோலை உயர்த்திச் செய்ததை அவர்கள் விரலால் செய்கிறார்கள். இரை, சால்மனின் முட்டையையே சின்ன வலைத்துணியில் கட்டிய பொதி. ஆச்சரியம் என்னவென்றால், முட்டையிட ஆற்றில் ஏறுகிற பசிபிக் சால்மன் தீனி எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே மேலேறும், முட்டையிடும், சாகும். பசியில்லாத மீனுக்கு இரை காட்டுவது எப்படி? மூக்குக்கு நேராகப் போக வேண்டும் என்கிறான். பழக்கத்திலோ எரிச்சலிலோ வாயைத் திறக்கும். ஓரடி மேலே போனால் அது ஏறெடுத்தும் பார்க்காது. அங்கேயும் ஆழம்தான். ஓடும் ஆற்றில் நட்டு கட்டி அளக்க முடியாது. அடியில் தட்டித் தட்டித் தக்கை தயங்குகிற வரை இறக்கு, பிறகு ஒரு சாண் ஏற்று என்றேன். அடுத்த வாரம் ஒரு சினூக் சால்மன் படம் வந்தது, அவன் கை நீளத்துக்கு.

அந்தச் சால்மனும் நம் கட்லா மாதிரி கொண்டு வந்து விட்ட மீன் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்த ஆறு போய்ச் சேர்கிற ஒன்டாரியோ ஏரிக்கென்றே அட்லாண்டிக் சால்மன் இருந்தது. ஆலைகளுக்காக ஆறுகளை மறித்துக் கட்டிய அணைகள், வெட்டிய காடு, கணக்கில்லாமல் பிடித்தது எல்லாம் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது அற்றுப்போனது. 1966இல் மிச்சிகன் மாநிலத்தின் மீன்துறையில் ஹோவர்ட் டேனர் என்பவர் பசிபிக் பக்கத்து கோஹோ சால்மனைக் கொண்டு வந்து ஒன்டாரியோவும் சேர்ந்த பேரேரிகளுக்குள் ஓடும் ஆறுகளில் விட்டார், மறு வருஷம் சினூக். அந்த ஏரிகளில் அளவுக்கு மீறிப் பெருகியிருந்த ஒரு பொடிமீனைத் தின்னட்டும், ஜனங்களுக்கும் பிடிக்க மீன் கிடைக்கட்டும் என்பது யோசனை. ஊர் மீனைத் தொலைத்துவிட்டு வெளியூர் மீனை வளர்ப்பதில் எல்லா நாடும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக் கணக்கை எழுதாமல் இந்தப் பேச்சை விட முடியாது. என் சோறு தோலில் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த ஊர்களில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் சாப்பிட்டன. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடுகிற உப்பும், பதனிடப் போடுகிற குரோமும் எங்கே போயின என்பது எங்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிற தீர்ப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிலைமை முன்னைப் போல் இல்லை என்பதும் உண்மை. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

தூண்டில்காரனுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. எந்தத் தண்ணீரில் போடலாம், எந்த மீனைத் தின்னலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நான் பார்ப்பது ஜிலேபியை. அது உப்புத் தண்ணீரையும் தாங்கும், கழிமுகத்தில்கூட வாழும். ஒரு குட்டையில் வாரக்கணக்கில் ஜிலேபி மட்டுமே விழுந்து, பொடிக்கெண்டையோ குறவையோ ஆரலோ ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை என்றால் அந்தத் தண்ணீரை நான் நம்புவதில்லை. இது லேப் ரிசல்ட் இல்லை, நல்ல ஏரியிலும் ஜிலேபி மற்றதை விரட்டியிருக்கலாம். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரத்துக் கால்வாயின் வழியாக நடந்து பார்க்க அது போதுமான காரணம். மலைத்தண்ணீர் வருகிற ஆனைமடுகு, ஆண்டியப்பனூர், மோர்தானா பக்கத்து மீனைக் கேள்வியில்லாமல் குழம்பு வைக்கச் சொல்வேன். ஊருக்குக் கீழே, சாக்கடையும் மற்றதும் சேர்கிற இடத்து மீனைப் பிடித்தாலும் விட்டுவிடுவேன். பையன்கள் முணுமுணுப்பார்கள்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் அரசாங்க அட்டையும் லைசென்சும் வேண்டும், எத்தனை மீன் எடுக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கே ஏரியின் மீன்பாசி குத்தகை ஏலத்தில் போகிறது. எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டவர், அவரிடம் கேட்காமல் உட்காருவது திருட்டு. கேட்டால் பெரும்பாலும் "ஒரு தூண்டி தானே, போடுப்பா, ஜிலேபி எடுத்துக்கோ, கட்லா மாட்டினா சொல்லு" என்பார்கள். நான் பழக்குகிற பிள்ளைகளை முதல் நாளே குத்தகைக்காரரிடம் அழைத்துப்போய் வணக்கம் சொல்ல வைக்கிறேன். நீச்சல் தெரியாதவனை மதகுக்குப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை.

அக்கா மகன் இந்தப் பொங்கலுக்கு வருகிறான். காவேரிப்பாக்கம் ஏரியில் உட்கார வேண்டுமாம், பல்லவர் காலத்து ஏரி என்று எங்கேயோ படித்திருக்கிறான். அந்தச் சுழல் ரீலைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டான். நின்ற தண்ணீரில் அதற்கு வேலையில்லை, பெட்டியில் இடத்தை அடைக்காதே என்றேன். "அப்ப சால்மன் தோல் ஒன்னு உப்பு போட்டுக் கொண்டாரட்டா?" என்றான். ஜப்பானின் வடக்கே ஐனு ஜனங்கள் ஒரு காலத்தில் சால்மன் தோலில் பூட்ஸ் தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று அவனிடம் சொன்னவன் நான்தான். கஸ்டம்ஸில் மாட்டினால் ஆம்பூர் மாமா சொன்னார் என்று சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தோல் வந்து சேர்ந்தால் ஆவாரம் பட்டையில்தான் போடுவேன், குரோம் வேண்டாம். பட்டைக்குச் சொல்லி வைத்தாயிற்று.